முதல் மாதக் குழப்பத்தைத் தீர்ப்பாக்கிவிடாதீர்கள்

தொடர்களைத் தேர்ந்தெடுக்கிற, நீட்டிக்கிற, நிறுத்துகிற ஓடிடி, தொலைக்காட்சி நிறுவன அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கொஞ்சம் கிறுக்குத்தனமான மாயக்கதைத் தொடர் ஒன்றை வெளியிடுகிறீர்கள். அன்று ராத்திரியே சண்டை ஆரம்பித்துவிடுகிறது. "தலையும் புரியலை, வாலும் புரியலை" என்று ஒரு கூட்டம். "இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று வந்ததே இல்லை" என்று இன்னொரு கூட்டம். ஒரு எபிசோட்கூடப் பார்க்காமல், டிரெய்லரை வைத்தே முடிவு கட்டிவிட்டு இரண்டு பக்கமும் போய்த் திட்டிவிட்டு வருகிற மூன்றாவது கூட்டம். மீம் வருகிறது, விளக்க வீடியோ வருகிறது, மூன்றாவது எபிசோடில் ஓரமாக நின்ற பாத்திரம் உண்மையில் யார் என்று பக்கம் பக்கமாக ஆராய்ச்சி வருகிறது. இதெல்லாம் சூடாக நடந்துகொண்டிருக்கும்போதே, ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, "இரண்டாவது சீசன் கிடையாது" என்று உங்களிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்துவிடுகிறது. இந்த மடல் அந்த ஆறேழு வாரத்தைப் பற்றியது.

எல்லாத் தொடரும் பத்து சீசன் ஓட வேண்டும் என்று கேட்க நான் வரவில்லை. சில தொடர்கள் நிஜமாகவே மோசம். கிறுக்குத்தனம் என்ற பெயரில் சோம்பேறி எழுத்தை ஒளித்துவைத்திருப்பார்கள். நான்கு எபிசோட் பார்த்த பிறகும் அந்த உலகத்துக்கு ஒரு விதியும் இல்லை, எழுதுபவருக்குத் தோன்றினால் மந்திரம் பலிக்கிறது, தோன்றாவிட்டால் பலிக்கவில்லை என்றால் நானே எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்டதை நிறுத்துங்கள், கேள்வியே இல்லை. என் வழக்கு வேறு. பார்வையாளரின் குழப்பத்தையும் வெறுப்பையும் நீங்கள் ஒரே கணக்கில் எழுதிவைக்கிறீர்கள்.

கொலை வழக்குத் தொடர் என்றால் அதன் சட்டதிட்டம் பார்க்கிறவருக்கு முன்பே தெரியும். ஒரு பிணம், ஒரு போலீஸ், சந்தேகப்படுகிற மாதிரி நாலு பேர். பத்து நிமிஷத்தில் பிடித்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். மாயக்கதையில், அதுவும் ஒரு மாதிரியான மாயக்கதையில், அங்கே எது நடக்கும் எது நடக்காது என்பதையே முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கே சிரிக்கலாம், எங்கே பயப்பட வேண்டும் என்பதுகூடத் தெரியாது. அந்தக் கட்டத்தில் ஒருவர் சொல்கிற "புரியலை" பல நேரம் ஆர்வத்தில் வருவது. புரியாதவர் கேள்வி கேட்பார், தேடுவார், அடுத்தவரை நச்சரிப்பார். வெறுத்தவர் எதுவும் கேட்க மாட்டார். பேசாமல் வேறு எதையாவது போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

2007 அக்டோபரில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் தொடங்கிய 'புஷ்ஷிங் டெய்சீஸ்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். நெட் என்று ஒருவன். பழங்களை வைத்து 'பை' என்கிற பலகாரம் சுட்டு விற்பவன். செத்துப்போன எதையும் அவன் தொட்டால் உயிர் வந்துவிடும். மறுபடி தொட்டால் போய்விடும், அப்புறம் வரவே வராது. அப்படிப் பிழைத்தது ஒரு நிமிஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தால், பக்கத்தில் இருக்கிற வேறு ஏதோ ஓர் உயிர் ஈடாகப் போய்விடும். இந்த மூன்று விதியையும் அவன் சிறு பையனாக இருக்கும்போது தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்கிறான், அதுதான் முதல் எபிசோடின் தொடக்கம். வண்டியில் அடிபட்ட நாயைத் தொடுகிறான், அது எழுந்து ஓடுகிறது. சமையலறையில் சுருண்டு விழுந்த அம்மாவைத் தொடுகிறான், அவள் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போகிறாள். ஒரு நிமிஷம் கழித்து, அவனுக்குப் பிடித்த சிறுமியின் அப்பா அக்கம்பக்கத்து வீட்டில் நின்ற இடத்திலேயே சாய்கிறார். ராத்திரி தூங்கப் போகும் பிள்ளைக்கு அம்மா முத்தம் கொடுக்க வருகிறாள். தொட்டுவிட்டாளே, அவ்வளவுதான்.

இவ்வளவும் மிட்டாய்க் காகிதம் மாதிரி பளீர் நிறங்களில் நடக்கிறது. கூடவே, ஒவ்வொருவர் வயதையும் நிமிஷக் கணக்குவரை சொல்லிக்கொண்டே போகும் ஒரு கதைசொல்லியின் குரல். பெரியவனான நெட், அதே சிறுமி வளர்ந்து கொலையுண்டு கிடக்கும்போது அவளை எழுப்புகிறான். திரும்பத் தொட மனசு வரவில்லை. காதலர்கள் இரண்டு பேரும் இனி ஒருநாளும் தொட்டுக்கொள்ள முடியாது, நடுவில் பிளாஸ்டிக் தாளை வைத்துத்தான் முத்தமே. இது துப்பறியும் கதையா, காதல் கதையா, சின்னப் பிள்ளைகளுக்கானதா, சாவைப் பற்றியதா? முதல் நாளே ஒருவர் "எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது" என்றிருந்தால் அவரைத்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அந்த முதல் எபிசோடை அமெரிக்காவில் சுமார் 1.3 கோடிப் பேர் பார்த்தார்கள். புரியாத ஒன்றைப் பார்க்கக் கூட்டம் வராது என்று சொல்கிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். அடுத்த மாதமே ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒன்பது எபிசோடோடு முதல் சீசன் நின்றது. அடுத்த எபிசோட் வந்தது 2008 அக்டோபரில். இடையில் போன கூட்டத்தில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. ஒரு வழக்கமான தொடரைப் பத்து மாதம் கழித்துத் தொடர்ந்தால் பார்வையாளர் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வார். இந்த மாதிரி உலகத்தில் விதிகளை எல்லாம் மறந்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் அந்நியம்தான். அந்தச் சரிவைத் தொடர் மேல் இருந்த சலிப்பு என்று வாசித்தார்கள். நவம்பரில் ரத்து. ஆக மொத்தம் 22 எபிசோட். இதில் நடித்த கிறிஸ்டின் செனோவெத் 2009 செப்டம்பரில் எம்மி விருது வாங்கும்போது தொடர் முடிந்து போயிருந்தது. இப்போது கையில் வேலை இல்லை, யாராவது கொடுங்கள் என்று மேடையிலேயே கண்ணீரும் சிரிப்புமாகச் சொன்னார்.

அவசரப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்துபார்க்க எனக்குப் பிடித்த உதாரணம் 'டாக்டர் ஹூ' என்கிற பிரிட்டிஷ் காலப்பயணத் தொடர். அதன் முதல் எபிசோட் பிபிசியில் 1963 நவம்பர் 23ஆம் தேதி வந்தது. முந்தின நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். யார் தலையில் என்ன ஏறும்? வெளியே பார்த்தால் தெருவோரப் போலீஸ் தொலைபேசிப் பெட்டி, உள்ளே போனால் விண்கலம் என்ற விநோதத்தை அன்றைக்கு நிதானமாகப் பார்க்க ஆள் இல்லை. பிபிசி என்ன செய்தது தெரியுமா? அடுத்த சனிக்கிழமை, இரண்டாவது எபிசோடுக்கு முன்னால் முதல் எபிசோடையே மறுபடி ஒளிபரப்பியது. பார்வையாளருக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுப்பது என்றால் இதுதான்.

அதற்குப் பிறகு மூன்று எபிசோட் குகை மனிதர்கள் நெருப்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மனதில் கை வைத்துச் சொன்னால், அவை சுமார்தான். டிசம்பர் 21ஆம் தேதி எபிசோடின் கடைசி நொடிகளில் ஒரு பெண் சுவரோடு ஒட்டி நின்று அலறுகிறாள். அவளை நோக்கி, அடைப்பெடுக்கும் ரப்பர் குழல் போன்ற ஒரு கை மட்டும் நீண்டு வருகிறது. அந்தக் கைக்குச் சொந்தக்காரரை அடுத்த வாரம்தான் காட்டினார்கள். அதுதான் டாலெக், உலோகக் கூட்டுக்குள் வாழும் வேற்றுக்கிரக அரக்கன். பிரிட்டன் முழுக்கப் பிள்ளைகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்ததாகப் பேச்சு வந்தது இதற்குப் பிறகுதான். இத்தனைக்கும், இந்தத் தொடருக்கு வித்திட்ட பிபிசி அதிகாரி சிட்னி நியூமன், பூச்சிக்கண் அரக்கர்கள் எல்லாம் வேண்டவே வேண்டாம் என்று கறாராக இருந்தவர். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் விடாப்பிடியாக நின்றதால் டாலெக் உள்ளே வந்தது.

இப்போது நாள்காட்டியை எடுத்துக் கணக்குப் போடுங்கள். நவம்பர் 23இல் இருந்து டிசம்பர் 21 சரியாக 28 நாள்.

28 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. 2019இல் பிரிட்டன் நாடாளுமன்ற மேலவைக் குழு ஒன்றுக்கு நெட்ஃபிளிக்ஸ் எழுதிய கடிதத்தில், தயாரிப்பாளர்களோடு பகிர்ந்துகொள்ளும் கணக்கு எது என்று விவரித்திருந்தது. இரண்டு நிமிஷம் பார்த்தால் 'தொடங்கியவர்'. ஓர் எபிசோடில் 70 சதவீதம் பார்த்தால் 'பார்த்தவர்'. சீசனில் 90 சதவீதம் பார்த்தால் 'முடித்தவர்'. இந்தக் கணக்கு முதல் 7 நாளுக்கும் முதல் 28 நாளுக்கும். உங்களில் மற்றவர்கள் எந்த அளவுகோலை வைத்திருக்கிறீர்களோ, வெளியே சொல்வதில்லை. ஆனால் அறிவிப்புகள் வருகிற வேகத்தைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த அளவுகோலில் எது ஜெயிக்கும்? ஒரே மூச்சில் விழுங்கக்கூடிய தொடர் ஜெயிக்கும். விநோதமான மாயக்கதையை அப்படி யாரும் விழுங்குவதில்லை. நான் பார்க்கிற விதத்தைச் சொல்கிறேன். ஓர் எபிசோட் முடிந்ததும் பத்து நிமிஷம் பின்னால் போய், கோட்டைவிட்ட வசனத்தை மறுபடி கேட்பேன். அப்புறம் யாரிடமாவது பேசுவேன். இரண்டு நாள் கழித்து அடுத்தது. பிடித்திருந்தால் முதல் எபிசோடுக்கே திரும்பி, இப்போது விதி தெரிந்த கண்ணோடு பார்ப்பேன். உங்கள் பட்டியலில் நான் 28ஆம் நாள் 'முடிக்காதவன்'. தூங்கிக்கொண்டே எட்டு எபிசோடையும் ஓடவிட்டவர் 'முடித்தவர்'. யார் அந்தத் தொடரை அதிகம் நேசித்தார் என்று இந்தக் கணக்கு சொல்லாது.

வேடிக்கை என்னவென்றால் இது உங்களுக்கே தெரியும். 2023இல் நெட்ஃபிளிக்ஸ் தன் 'எக்காலத்திலும் அதிகம் பார்க்கப்பட்டவை' பட்டியலுக்கான காலத்தை 28 நாளிலிருந்து 91 நாளாக நீட்டியது. சில தொடர்கள் மெதுவாகத்தான் வளரும் என்பதே அதற்கான காரணம். பெருமை பேசுகிற பட்டியலுக்கு 91 நாள் பொறுமை உண்டு. அதே நெட்ஃபிளிக்ஸில் 2024 ஆகஸ்ட் 29 அன்று வெளியான 'கேயாஸ்' தொடருக்கு அக்டோபர் தொடக்கத்திலேயே கதவு சாத்தியாயிற்று. கிரேக்கக் கடவுள் ஸீயஸ் டிராக்சூட் போட்டுக்கொண்டு, நெற்றியில் விழுந்த ஒரு சுருக்கத்தைக் கண்ணாடியில் பார்த்து, தன் ஆட்சி முடியப்போகிறதோ என்று நடுங்குகிற கதை. எட்டு எபிசோட், அந்தரத்தில் தொங்கும் முடிவு. அதே வருஷம் அமேசான் பிரைமில் ஜூன் கடைசியில் வந்த 'மை லேடி ஜேன்' ஆகஸ்ட் நடுவிலேயே ரத்தானது. வரலாற்றில் ஒன்பதே நாள் இங்கிலாந்து ராணியாக இருந்து பிறகு தலை வெட்டப்பட்ட ஜேன் கிரேயைப் பிழைக்க வைத்து, போதாக்குறைக்கு ஊரில் பாதிப் பேரை விலங்காக மாற விட்ட தொடர். இதை ஒரு நண்பருக்குச் சொல்லி, அவர் சிரித்து, "சரி, இந்த மாசம் முடியட்டும் பார்க்கிறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஏழு வாரம் ஓடிவிடும்.

விளைவு, இப்போது பார்வையாளர்கள் உங்களை நம்புவதில்லை. புதிதாக ஒரு விசித்திரத் தொடர் வந்தால், "இரண்டாவது சீசன் உறுதியாகட்டும், அப்புறம் தொடங்கலாம்" என்று காத்திருக்கிறார்கள். அவர்கள் காத்திருப்பதால் முதல் மாத எண் குறைகிறது. எண் குறைந்ததால் நீங்கள் நிறுத்துகிறீர்கள். நிறுத்தியதைப் பார்த்து அடுத்த முறை இன்னும் கொஞ்சம் பேர் காத்திருக்கிறார்கள். இந்த முடிச்சை நாங்கள் போடவில்லை. நம்பிப் பார்த்து ஏமாந்தவர் இரண்டாம் முறை ஜாக்கிரதையாக இருப்பதைக் குற்றமாகச் சொல்ல முடியுமா?

பொறுமை காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2019 டிசம்பரில் வந்த 'தி விட்சர்' முதல் சீசனில் மூன்று கதைகள் மூன்று வேறு காலத்தில் நடந்தன, அதை யாரும் பார்வையாளரிடம் சொல்லவில்லை. முதல் எபிசோடில் செத்துப்போன ராணி நாலாவது எபிசோடில் உயிரோடு வந்து நிற்கிறாள். இணையமே தலையைச் சொறிந்தது. ஆனால் இரண்டாவது சீசன் வெளியீட்டுக்கு முன்பே உறுதியாகியிருந்ததால், அந்தக் குழப்பம் தொடரைக் கொல்லவில்லை. எந்தச் சம்பவம் எந்த வருஷம் என்று காட்டும் ஒரு வரைபடத்தை நெட்ஃபிளிக்ஸே வெளியிட்டது. அடுத்த சீசனில் கதையை நேர்க்கோட்டில் கொண்டுபோனார்கள். குழப்பத்தைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொன்னார்கள், முடிந்தது விஷயம்.

எதிர்வினைக்குக் காது கொடுங்கள் என்றால் சொன்னபடி ஆடுங்கள் என்று அர்த்தம் இல்லை. இதில் பார்வையாளர்களாகிய எங்களுக்கும் கொட்டு வைக்க வேண்டியிருக்கிறது. 1990 ஏப்ரலில் தொடங்கிய 'ட்வின் பீக்ஸ்' தொடரின் முழு மயக்கமும் ஒரே கேள்வியில் இருந்தது, லாரா பால்மரைக் கொன்றது யார்? சிவப்புத் திரை, பின்னோக்கிப் பேசுவது போன்ற குரலில் ஒரு குள்ள மனிதர், மரக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு அது பேசுகிறது என்று சொல்லும் பெண்மணி, எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். "சீக்கிரம் சொல்லித் தொலையுங்கள்" என்று பார்வையாளர்கள் பொறுமை இழந்தார்கள். சேனலும் நெருக்கியது. இரண்டாவது சீசனின் நடுவில், அந்த வருஷம் நவம்பரில், கொலையாளியைச் சொல்லிவிட்டார்கள். கேட்டது கிடைத்தது, பார்க்கக் காரணம் போய்விட்டது. 1991 ஜூனில் தொடர் நின்றது. அந்தப் பதிலைச் சொல்ல வைத்ததுதான் தொடரின் உயிரை எடுத்தது என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் லிஞ்ச் பிற்பாடு வருத்தப்பட்டார். நாங்கள் கேட்பதெல்லாம் எங்களுக்கு வேண்டியதல்ல. விடை கேட்டு அலறும் கூட்டம், அலறுவதையே அனுபவித்துக்கொண்டிருக்கலாம்.

எழுதியவர்களே கவனிக்காததைப் பார்வையாளர்கள் பிடித்துக்கொள்கிற நேரமும் உண்டு. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' முதல் சீசனில் பார்ப் என்கிற கண்ணாடி போட்ட பெண் சில நிமிஷமே வந்து காணாமல் போகிறாள். தோழி ஒருத்தியைத் தவிர ஊரில் அவளைத் தேட ஆளே இல்லை. 2016இல் அதைப் பார்த்தவர்கள் "பார்புக்கு நியாயம் வேண்டும்" என்று கிளம்பிவிட்டார்கள். பாதி கேலி, பாதி உண்மையான வருத்தம். இரண்டாவது சீசனில் அவள் சாவுக்கு யாரோ பொறுப்பு ஏற்கும்படி கதை அமைந்தது. சிறிய வேடம்தான், ஆனால் ஷானன் பர்சர் எம்மி பரிந்துரைவரை போனார். 2022இல் 'வெட்னஸ்டே' வந்தபோது, ஜென்னா ஒர்டேகா கண் சிமிட்டாமல் ஆடிய நடனத்துக்குப் படைப்பாளிகள் ஒரு பாட்டை வைத்திருந்தார்கள். பார்வையாளர்கள் அதை எடுத்துவிட்டு, 2011இல் வந்த லேடி காகா பாட்டு ஒன்றை வேகம் கூட்டி ஒட்டினார்கள். அந்தப் பழைய பாட்டு உலகம் முழுக்கத் திரும்பவும் எழுந்தது. அடுத்த சீசனில் லேடி காகாவே ஒரு வேடத்தில் வந்துவிட்டார்! எந்தக் கணக்குப் பிரிவும் இதை முன்கூட்டி எழுதியிருக்காது. எதிர்வினை என்றால் நட்சத்திரக் குறியும் கட்டைவிரலும் மட்டும் என்று நினைத்திருந்தால் இதெல்லாம் உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

சரி, எங்கள் பக்கத்து அழுக்கையும் மறைக்கவில்லை. 2019இல் 'குட் ஓமென்ஸ்' தொடர் மத நம்பிக்கையைப் புண்படுத்துகிறது, அதை நிறுத்து என்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டு நெட்ஃபிளிக்ஸுக்கு மனு கொடுத்தார்கள். அந்தத் தொடர் அமேசான் பிரைமில் ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் எடுக்க மாட்டோம் என்று நெட்ஃபிளிக்ஸும் பெருந்தன்மையாக வாக்குக் கொடுத்தது. இது சிரிப்பு ரகம். சிரிக்க முடியாத ரகமும் இருக்கிறது. நடிகரின் தோல் நிறம் பிடிக்கவில்லை, பெண் வாள் எடுத்தது பிடிக்கவில்லை என்று வெளியான மணி நேரத்திலேயே ஒற்றை நட்சத்திரத்தைக் கொட்டுகிறவர்கள். 2022இல் 'ரிங்ஸ் ஆஃப் பவர்' வெளியானபோது அமேசான் தன் தளத்தில் பயனர் விமர்சனங்களை 72 மணி நேரம் நிறுத்திவைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியிட்டது. அதைத் தணிக்கை என்று சிலர் கத்தினார்கள். என்னைக் கேட்டால், மூன்று நாள் ஆறவிட்டதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு கேள்வி. முதல் மூன்று நாள் எதிர்வினையில் நஞ்சு கலந்திருக்கலாம் என்று ஒத்துக்கொள்கிறீர்கள் அல்லவா, அப்புறம் முதல் நாலு வாரத்தின் எண்ணை மட்டும் எப்படி கலப்படமே இல்லாத தங்கமாக எடுத்துக்கொள்கிறீர்கள்?

எனக்கு ரத்தைவிட அதிகம் வலிப்பது முடிவு இல்லாமல் போவது. பாத்திரம் கதவைத் திறக்கிறது, உள்ளே யாரையோ பார்த்துத் திடுக்கிடுகிறது, திரை இருண்டுவிடுகிறது. அதோடு சரி. அந்த முகத்துக்கு எதிரே நின்றது யார் என்பது எழுதியவர்களுக்கு மட்டும்தான் தெரியும், அவர்கள் ஒப்பந்தப்படி வாயைத் திறக்க முடியாது. இதற்கும் வழி இருப்பதை நீங்களே காட்டியிருக்கிறீர்கள். 'லாஸ்ட்' மூன்றாவது சீசனில் கதை நொண்டியபோது, முடிவு தெரியாமல் இழுக்கிறார்கள் என்று பார்வையாளர்கள் கடுப்பானார்கள். முடிவுத் தேதி வேண்டும் என்று எழுதியவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2007 மே மாதம் ஏபிசி அறிவித்தது, இன்னும் 48 எபிசோட், 2010இல் முடியும் என்று. அன்றிலிருந்து கதைக்குத் திசை வந்தது. அந்தக் கடைசி எபிசோடைப் பற்றி இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள் என்பது வேறு கதை, அடித்துக்கொள்ள ஒரு முடிவாவது இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸின் 'சென்ஸ்8' 2017 ஜூனில் ரத்தானது. ரசிகர்கள் விடவில்லை. அதே மாதக் கடைசியில் நெட்ஃபிளிக்ஸ் மனம் மாறி, இரண்டு மணி நேர இறுதி எபிசோடுக்கு ஒப்புக்கொண்டது. அடுத்த வருஷம் அது வந்தது.

இதற்கு நேர்மாறான உதாரணம் 'வில்லோ'. 2022 நவம்பர் கடைசியில் டிஸ்னி பிளஸில் தொடங்கியது, 2023 மே மாதம் தளத்திலிருந்தே தூக்கப்பட்டது. இரண்டாவது சீசன் இல்லை என்பது பரவாயில்லை, முதல் சீசனே இல்லை. மெதுவாகப் பார்க்கிறவர் நாலாவது எபிசோடில் இருந்திருந்தால் ஐந்தாவதை எங்கே போய்த் தேடுவார்? டிவிடி போட்ட காலத்தில் தோற்ற தொடர்கூட அலமாரியில் தூசி படிந்தாவது இருந்தது. 'ஸ்டார் ட்ரெக்' முதல் ஓட்டத்தில் 1969இல் நிறுத்தப்பட்டதுதான். ஒரு லட்சத்துக்கும் மேல் கடிதம் எழுதி ரசிகர்கள் வாங்கிக் கொடுத்த மூன்றாவது சீசனை வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தள்ளிவிட்டார்கள். ஆனால் அந்த 79 எபிசோடும் உள்ளூர் நிலையங்களில் மறுஒளிபரப்பாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. அங்கேதான் அது பெரிதானது. தளத்திலிருந்து தூக்கிவிட்டால் அந்த இரண்டாவது வாழ்க்கைக்கு வழியே இல்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். பெருமைப் பட்டியலுக்குக் கொடுக்கிற 91 நாளை, விசித்திரத் தொடரின் தலையெழுத்தை முடிவு செய்வதற்கும் கொடுங்கள். எல்லா எபிசோடையும் ஒரே நாளில் கொட்டாமல் வாரம் ஒன்று, போனால் போகிறது இரண்டு என்று விடுங்கள். இந்த மாதிரித் தொடர்கள் எபிசோடுகளுக்கு நடுவில் நடக்கிற பேச்சில்தான் வளர்கின்றன. எத்தனை பேர் முடித்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் முதல் எபிசோடுக்குத் திரும்பிப் போனார்கள் என்பதையும் எண்ணுங்கள், அந்த எண் உங்களிடம்தான் இருக்கிறது. கதையை அந்தரத்தில் விடுகிற சீசனுக்குக் காசு ஒதுக்கும்போதே, முடித்துவைக்கும் ஓர் எபிசோடுக்கும் சேர்த்து ஒதுக்கிவிடுங்கள். தொடர் நீண்டால் அதை எடுக்க வேண்டியதில்லை. நிறுத்தினால் எடுத்து வெளியிடுங்கள். 'புஷ்ஷிங் டெய்சீஸ்' எழுதியவர்களுக்குக் கடைசி எபிசோடின் இறுதி நிமிஷங்களில் அவசரமாக ஒரு முடிவை ஒட்டத்தான் நேரம் கிடைத்தது, அதைக்கூட ரசிகர்கள் நன்றியோடுதான் பார்த்தார்கள்.

இதெல்லாம் செலவு என்றால், செலவே இல்லாத ஒன்றாவது செய்யுங்கள். தொடரின் பெயருக்குக் கீழே வயது வரம்பு போடுகிறீர்கள், புகை பிடிக்கும் காட்சி உண்டு என்று போடுகிறீர்கள். அதே இடத்தில், கதை இந்த சீசனோடு முடிகிறதா, பாதியில் நிற்கிறதா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பாதியில் நிற்கிறது என்று தெரிந்தும் நான் பார்ப்பேன். தெரிந்துகொண்டு பார்க்கிறேன் என்பதுதான் வித்தியாசம்.

இப்படிக்கு,
முடிவு தெரியாத தொடர்கள் நிறையச் சேர்த்துவைத்திருக்கும் ஒரு பார்வையாளர்